வரட்டியில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி

என் ஆயுளில் நான் ஒரே ஒரு முறைதான் துப்பாக்கி சுட்டிருக்கிறேன். அன்றைக்குக் குண்டோடு சேர்ந்து, குண்டை உள்ளே தள்ளுவதற்கு வைத்திருந்த இரும்புக் கம்பியும் போய்விட்டது. பனமலை ஏரிக்கு மேலே பறந்துகொண்டிருந்த நாரைக் கூட்டம் மரியாதையாக விலகி வழிவிட, கம்பி வெயிலில் ஒரு முறை மினுங்கிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கியது. இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை. விழுப்புரத்துப் பள்ளிக்கூடமொன்றில் சரித்திரம் நடத்துகிறவன், பானிப்பட்டு யுத்தங்களை வருஷா வருஷம் கரும்பலகையில் நடத்தி வெற்றி தோல்வி அறிவித்தவன், தலைதீபாவளிக்குப் போன இடத்தில் மாமியாருடைய துப்பாக்கிக் கம்பியை ஏரிக்கு அனுப்பிவைத்தான் என்பது வெளியே சொல்லிக்கொள்கிற விஷயமா?

மாமியாருடைய துப்பாக்கியா என்று கேட்பீர்கள். லைசென்ஸ் மாமனார் பெயரில்தான் இருந்தது. காட்டுப்பன்றியிடமிருந்து மல்லாட்டை என்கிற நிலக்கடலையைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சர்க்கார் கொடுத்த லைசென்ஸ். ஆனால் மாமனாருக்குக் கண்ணில் பூ விழுந்து, பன்றிக்கும் பங்காளிக்கும் வித்தியாசம் தெரியாமல் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஆகவே சுடுவது மாமியார். அவர் சுடும்போது மாமனார் காதில் விரலை வைத்துக்கொண்டு நிற்பார். லைசென்ஸ்தாரர் என்ற முறையில் அவருக்கு இருந்த வேலை அது ஒன்றுதான்.

தீபாவளிச் சாப்பாட்டின்போது, காலேஜில் கவாத்து பழகியிருக்கிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். பழகியது உண்மை. மரத்துப்பாக்கியில் என்பதை மட்டும் சொல்லவில்லை. மாமனாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாப்பிள்ளை ஒன்று போடட்டும் என்று துப்பாக்கியை வெளியே கொண்டுவரச் சொன்னார். அது குழாயின் வாய்வழியாகக் கெட்டிக்கிற பழைய காலத்துத் துப்பாக்கி. முதலில் கரிமருந்தைக் கொட்டி, எண்ணெய் தடவிய துண்டுத் துணியை வாயில் விரித்து, அதன்மேல் ஈயக் குண்டை வைத்து, கம்பியால் அடிவரை தள்ள வேண்டும். எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். கம்பியை வெளியே எடுக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. குழாய்க்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்த அதை, துப்பாக்கி என்றால் அப்படித்தான் இருக்கும் போலும் என்று நினைத்துக்கொண்டு தோளில் வைத்தேன்.

மாமியார் அதைப் பார்த்துவிட்டார். ஆனால் எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளைக்கு எதிரில் வந்து நிற்பதில்லை, நேருக்கு நேர் பேசுவதும் இல்லை. சொல்ல வேண்டியது இருந்தால் மகளிடம் சொல்வார். மகள் இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கிறவர்களிடம். யாருமே இல்லாவிட்டால் பக்கத்தில் எது இருக்கிறதோ அதனிடம். அன்றைக்கு என் மனைவி உள்ளே அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள். மாமனார் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு நின்றார். மிச்சம் இருந்தது எருமை. மாமியார் எருமையின் பக்கம் திரும்பி, கொஞ்சம்கூடப் பதறாத குரலில், "கம்பி உள்ளயே கீது. எடுத்துட்டு சுடச் சொல்லு" என்றார்.

எருமை அதை என்னிடம் சொல்லவில்லை.

குழாய் வெடித்து என் முகம் போகாமலிருந்தது யார் செய்த புண்ணியமோ. நான் தரையில் உட்கார்ந்து தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மாமியார் வந்து துப்பாக்கியை எடுத்தார். குழாய்க்குள் ஒரு கண்ணால் பார்த்தார். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. ஏரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கம்பி மாறப்போவுது. இனிமே மொதல்லேர்ந்து வரணும்" என்று எருமையிடமே சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒரு கம்பி போனால் கொல்லனிடம் இன்னொரு கம்பி அடித்துக்கொள்ள வேண்டியதுதானே, இதில் முதலிலிருந்து வருவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அந்த வாக்கியம் புரிய எனக்குச் சில வருஷங்கள் பிடித்தன. பானிப்பட்டுக்கே அவ்வளவு நாள் ஆகவில்லை.

அந்த ஊரில் வேறு துப்பாக்கிகளும் இருந்தன. எல்லாம் உள்ளே வழவழப்பான குழாய்கள். ஒரு கை ரவையை அள்ளிப் போட்டு வெடித்தால் எதிரே இருக்கும் உலகம் முழுவதற்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும். மாமியாருடையது அப்படியல்ல. மாமனாரின் தகப்பனாருக்குப் புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் கப்பலேறும் அவசரத்தில் கொடுத்துவிட்டுப் போனதாம். குழாய்க்குள் திருகாணியைப்போலப் புரி ஓடும். துணி சுற்றிய ஒற்றைக் குண்டு அந்தப் புரியைப் பிடித்துச் சுழன்றுகொண்டே வெளியே போகும். எல்லாம் சரியாக இருந்தால் நேராகப் போகும். அந்த "எல்லாம் சரியாக" என்ற இரண்டு சொற்களுக்குள்தான் என் மாமியார் குடித்தனம் நடத்திவந்தார்.

லீவில் அங்கே போய்த் தங்கும்போது பார்ப்பேன். காலையில், ஏரியின்மேல் புகைபோலக் கிடக்கும் பனி எழுந்து போயும் போகாமலும் இருக்கிற நேரம். காற்று இன்னும் விழித்துக்கொண்டிருக்காது. மாமியார் ஏரிக்கரையின் மண்சரிவில் ஒரு வரட்டியைச் சாய்த்துவைப்பார். அதன் நடுவில் வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பால் ஒரு புள்ளி. திரும்பி நடந்து வந்து, களத்துமேட்டு வரப்பில் மண்டியிட்டு, மாட்டுவண்டி நுகத்தடி ஒன்றின்மேல் குழாயைச் சாய்த்து, ஒரு முறை சுடுவார். ஒரே முறைதான். மலைமேல் கோயில் பக்கம் போய் முட்டிக்கொண்டு சத்தம் சாவகாசமாகத் திரும்பி வரும். புகை மல்லாட்டைச் செடிகளின் தலையைத் தடவிக்கொண்டு, எங்கே போகலாம் என்று யோசிப்பதுபோல நிற்கும். நான் கயிற்றுக்கட்டிலில் பாதித் தூக்கத்தில் படுத்துக்கொண்டு, இது விழுப்புரத்தில் காண்கிற கனவா, கனவில் காண்கிற பனமலையா என்று குழம்பிக்கொண்டிருப்பேன்.

பிறகு அவர் போய் வரட்டியைப் பார்ப்பார். ஓட்டைக்கும் புள்ளிக்கும் நடுவே விரலை வைத்து அளப்பார். கரை மண்ணைத் தோண்டிக் குண்டை எடுத்து மடியில் போட்டுக்கொள்வார். அதை உருக்கி மறுபடியும் குண்டு ஊற்ற வேண்டும். வரட்டி அடுப்புக்குப் போகும். அந்த வீட்டில் சாப்பிட்ட இட்லிகள் எல்லாம் சுடப்பட்ட வரட்டியில் வெந்தவைதான். அப்புறம் நாள் முழுவதும் களை எடுக்கும்போதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் அதையே யோசிப்பார். மறுநாள் காலையில் ஏதாவது ஒன்றை மாற்றுவார். ஒன்றை மட்டும்.

அதுதான் அவர். அவரைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. துணி மாறினால் எண்ணெய் மாறக் கூடாது. எண்ணெய் மாறினால் மருந்தின் அளவு மாறக் கூடாது. மாமனாரின் பழைய வேட்டியில் கிழித்த துணி ஒரு மாசம் ஓடும். அதற்குப் பிறகு கொஞ்சம் தடித்த துணி. (என்னுடைய ஒரு வேட்டி கொடியிலிருந்து காணாமல் போனதை இவ்விடத்தில் குறிப்பிட்டுவிட்டு மேலே போகிறேன்.) புங்கெண்ணெய், இலுப்பெண்ணெய், விளக்கெண்ணெய், ஆட்டுக்கொழுப்பு என்று ஒவ்வொன்றும் முறை வைத்து வந்து போயின. கம்பியில் ஒரு நூல் கட்டியிருப்பார். குண்டு எப்போதும் அதே ஆழத்துக்குத்தான் போய் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். நான் ஏரிக்கு அனுப்பிவைத்தது அந்த நூலையும்தான்.

ஒரு நாள் மகளிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "ஒரு வாட்டிக்கு ஒண்ணுதான் மாத்தணும் பாப்பா. ரெண்ட மாத்திட்டா எதுல கேட்டிச்சின்னு எந்தச் சாமிக்குத் தெரியும்?"

மருந்தை அதிகம் போட்டால் குண்டு இன்னும் வேகமாகப் போகாதா என்று நான் மனைவி வழியாகக் கேட்டனுப்பினேன். அதே வழியாகப் பதில் வந்தது. "சத்தந்தான் பெருசாவும்." அதற்குப் பிறகு தேர்தல் கூட்டங்களில் யாராவது ஒலிபெருக்கியில் தொண்டை கிழியப் பேசினால் எனக்கு மனசுக்குள் மருந்து ஜாஸ்தி என்று ஓடும். என் எழுத்தைத் திரும்பப் படித்துப் பார்க்கும்போதும் சில சமயம்.

ஈயம் பொம்மையார்பாளையத்திலிருந்து வரும். அங்கேயிருந்து கருவாடு கொண்டுவருகிற அம்மாள், கிழிந்துபோன வலைகளிலிருந்து கழற்றிய ஈயக் குண்டுகளை மல்லாட்டைக்கு மாற்றிக்கொண்டு போவாள். அதை உருக்கி, துப்பாக்கியோடு வந்த அச்சில் ஊற்றி, ஆறியதும் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் உருட்டிவிடுவார் மாமியார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். குண்டு உருண்டையாக இருந்தால் ஒரே சீரான சத்தம். எங்காவது சப்பையாக இருந்தால் சத்தத்தில் ஒரு நொண்டல் இருக்கும். நொண்டியது மறுபடி உலைக்குப் போகும். மத்தியான வெயிலில் வெளியே ஒரு காக்கைகூடக் கத்தாத நேரத்தில், தாம்பாளத்தைச் சுற்றிச் சுற்றி வரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவேன். அதைவிட நல்ல தூக்கம் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

துப்பாக்கிக்குதிரை அடிக்கிற இடத்தில் வைக்கும் சின்னச் செப்புத் தொப்பிக்கு அங்கே கேப்பு என்று பெயர். அது தீர்ந்துபோய், வரும்போது மாப்பிள்ளையைக் கேப்பு வாங்கிவரச் சொல்லும்படி பஸ் கண்டக்டர் ஒருவரிடம் சொல்லியனுப்பினார் மாமியார். கண்டக்டர் விழுப்புரம் வந்து சேர்வதற்குள் அது கேப்பை ஆகிவிட்டது. அரை மூட்டைக் கேப்பையைத் தோளில் சுமந்துகொண்டு வரப்பில் தள்ளாடி நான் வந்து இறங்கியதை மாமியார் உள்ளிருந்து பார்த்தார். பிறகு தூணிடம், "நம்ம ஊட்ல கேப்பைக்கா பஞ்சம்?" என்றார். அந்த லீவு முழுவதும் எனக்குக் கேப்பைக் களி. அதிலும் ஒரு நாளைக்கு ஒன்றுதான் மாறியது. ஒரு நாள் உப்பு, மறுநாள் தண்ணீர். கடைசியில் அந்தக் களி அமிர்தமாக வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எல்லாமே சிரிப்பாக இருந்துவிடவில்லை. ஒரு முறை என் மனைவிக்குக் கடுமையான காய்ச்சல். திண்டிவனத்து டாக்டர் ஒரு மிக்ஸ்சரும் இரண்டு விதமான மாத்திரையும் கொடுத்தார். மாமியார் மிக்ஸ்சரை மட்டும் கொடுத்துவிட்டு மாத்திரைகளை மாடத்தில் வைத்துவிட்டார். மூன்றையும் ஒன்றாகக் கொடுத்தால் எதில் கேட்டது என்று எப்படித் தெரியும்? வரட்டி காத்திருக்கும், பெண்டாட்டி காத்திருப்பாளா? அவர் மாட்டுக்கொட்டகைக்குப் போன நேரம் பார்த்து மாத்திரைகளை எடுத்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காய்ச்சல் இறங்கியது. மாமியார் மகளுடைய நெற்றியில் கையை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "இது எதுல கேட்டிச்சி?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். நான் மாத்திரைக் காகிதத்தைச் சட்டைப் பைக்குள் தள்ளினேன். அவர் முகத்தில் நிம்மதிக்குப் பக்கத்திலேயே வேறொன்றும் இருந்தது. குண்டு புள்ளியில் பட்டும், ஏன் பட்டது என்று தெரியாத முகம்.

பிறகு மாமனார் போய்ச் சேர்ந்தார். நெஞ்சு வலி என்று படுத்தவருக்கு டாக்டர் ஒருபுறம், வைத்தியர் ஒருபுறம், மேல்மலையனூருக்கு வேண்டுதல் ஒருபுறம், உப்பில்லாத சோறு ஒருபுறம் என்று ஆளுக்கு ஒன்றாக எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்தோம். மாமியார் எதிலும் குறுக்கே வரவில்லை. அவருடைய வாழ்க்கையில் ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் மாற்ற விட்டது அந்த ஒரு வாரம்தான்.

லைசென்ஸ்தாரர் இல்லாமல் லைசென்ஸ் ஏது? துப்பாக்கியைச் சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டும், அல்லது மாமியார் பெயருக்கு மாற்ற வேண்டும். மனுப் போட்டோம். உடனே மேலண்டை நிலத்துக்காரரும் ஒரு எதிர்மனுப் போட்டார். அவரிடம் வழவழப்பான குழாய்த் துப்பாக்கி ஒன்று இருந்தது. ரவை, ஆணி, உடைந்த பீங்கான் என்று கைக்கு வந்ததைக் கெட்டித்து வெடிப்பவர். மாமியாரைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா யக்கா, வரட்டி வேட்டை எப்படிக் கீது? தோல உரிச்சியா?" என்பார். மாமியாரும் விடமாட்டார். "ஒன் துப்பாக்கிக்கு எதிர்ல நிக்கறதுதாண்டா பத்திரம். பக்கத்துல நிக்கத்தான் பயமா கீது." இந்த அம்மாள் காலையில் வெடிக்கிற வெடியில் தன் எருமைக்குப் பால் வற்றிவிட்டதாகவும், இந்தத் துப்பாக்கியால் இதுவரை ஒரு பன்றிகூடச் சாகவில்லை என்றும் அவர் மனுவில் எழுதியிருந்தார். முதல் புகாரைப் பற்றி எருமைதான் சொல்ல வேண்டும். இரண்டாவது உண்மை.

விசாரணைக்குத் திண்டிவனம் போனோம். அதிகாரி எங்கள் பக்கத்து ஆள் இல்லை. ஆனால் பொறுமையானவர் என்று முகத்தில் எழுதியிருந்தது. நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். நான் உள்ளே இருந்தால் மாமியாருக்குப் பேச்சு வராது. அங்கிருந்து கேட்டேன்.

"எதுக்கும்மா உங்களுக்குத் துப்பாக்கி?"

"பன்னிக்குங்க."

"இதுவரைக்கும் எத்தனை சுட்டிருக்கீங்க?"

"இன்னும் இல்லீங்க."

"இன்னும்னா?"

"குறி இன்னும் படியலீங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு, அடுத்த வாரம் அந்தப் பக்கம் முகாம் வருவதாகவும், தன் கண்ணெதிரே அவர் சுட்டுக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். பட்டால் சிபாரிசு. படாவிட்டால் அன்றைக்கே துப்பாக்கி ஜீப்பில் ஏறிவிடும்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மாவும் மகளும் முன் சீட்டில், நான் பின்னால். போனால் போகட்டுமே அம்மா, ஒரு தகர டப்பாவைத் தட்டினால் பன்றி ஓடிவிடும், துப்பாக்கி எதற்கு என்று என் மனைவி கேட்டாள். மாமியார் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஜன்னலில் பனைமரங்கள் ஒவ்வொன்றாக வந்து போய்க்கொண்டிருந்தன. வெகுதூரம் போன பிறகு சொன்னார். "மழை ஏன் பேயலன்னு தெரியல. ஒங்கப்பன் எதனால பூட்டாருன்னு தெரியல. நீ எதுல பொழச்சன்னு தெரியல. இது ஒண்ணுலதான் பாப்பா, நான் ஒண்ண மாத்தினா, அதுவும் ஒண்ணு மாத்திக் காட்டுது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த மாத்திரைகளின் காகிதம் அப்போதுகூட என் சட்டைப் பையில் இருப்பதுபோல உறுத்தியது.

முகாமன்று அதிகாரி காலையில் வருவார் என்றார்கள். வந்தது மத்தியானம் சாய்ந்த பிறகு. வெயில் மறுபக்கம் போய்விட்டது. ஏரியிலிருந்து காற்று கிளம்பியிருந்தது. ஊரே வேப்பமரத்தடியில் கூடியிருந்தது. அதிகாரிக்கு நாற்காலி, டபேதார் கையில் குடை, ஜீப், டிரைவர். மாமியார் இவை ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே வந்தது எனக்கு நினைவிருக்கிறது. அவர் எண்ணிக்கொண்டிருந்தது எதை என்று எனக்குத் தெரியும். எத்தனை மாறியிருக்கிறது என்பதை.

அதிகாரி ஒரு பானையைக் கட்டித் தொங்கவிடச் சொன்னார். மாமியார் வேண்டாம் என்றார். பானை உடைந்து போய்விட்டால் எந்த இடத்தில் பட்டது என்று எப்படித் தெரியும்? வரட்டி வந்தது, சுண்ணாம்புப் புள்ளி வைத்தாயிற்று. மாமியார் மண்டியிட்டார். வெடித்தது. ஏரியிலிருந்து சிறகி வாத்துகள் எழும்பி ஒரு வட்டம் அடித்தன. பையன்கள் ஓடிப்போய் வரட்டியைத் தூக்கிவந்து, ஓட்டை என்று கூவினார்கள். அதிகாரி பேனாவின் மூடியைத் திறந்தார். எனக்குப் போன உயிர் வந்தது.

"போதும்மா. பட்டுடுச்சு. நான் எழுதிக்கறேன்."

"படலீங்க" என்றார் மாமியார்.

"ஓட்டை தெரியுதேம்மா."

"நாலு வெரல் கீழ கீதுங்க. அது தப்பு. இன்னொரு வாட்டி சுடணும்."

மேலண்டை நிலத்துக்காரர் இதற்காகவே பிறந்தவர்போல முன்னால் வந்தார். "அதுவே ஒத்துக்கினுச்சி எசமான். தப்புன்னு."

அதிகாரியின் பேனா அந்தரத்தில் நின்றது. ஒரு முறை சுட்டுப் பட்டாயிற்று. மறுபடியும் சுட்டு அது வரட்டியை விட்டு விலகிப் போனால் அதே பேனா வேறுமாதிரி எழுதும். நான் மனைவியிடம் போய், உன் அம்மாவைச் சும்மா இருக்கச் சொல் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "நான் சொல்லி எப்ப கேட்டிச்சி? நீங்க எருமைகிட்ட சொல்லிப் பாருங்க" என்றாள் அவள்.

மாமியார் துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழாயைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பினார். அவர் பார்வை என்மேல் விழுந்தது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அது அப்படி நேராக விழுந்ததே இல்லை. எனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"மாப்ள," என்றார். "நீங்கதான் மாறிக்கீறீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஒங்க நெழலு மணிமேல உழுவுது."

துப்பாக்கியின் நுனியில் குறி பார்ப்பதற்காக இருக்கும் சின்ன மணி. அதன்மேல் என் தலையின் நிழல் கிடந்தது. நான் நகர்ந்தேன். என் மாமியார் என்னிடம் நேராகப் பேசியது அவர் ஆயுளிலேயே அந்த ஒரு தடவைதான். பேசியது, நான் தள்ளிப்போக வேண்டும் என்று. இருந்தாலும், வழக்கத்தை மீறி, எருமையையும் தூணையும் தாண்டி, என்னை ஒரு காரணமாக அவர் மதித்திருக்கிறார்.

உடனே சுட்டுவிடவில்லை. குழாய் ஆற வேண்டும். சூட்டில் சுட்டால் அதுவும் ஒரு மாற்றம். ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் துடைத்து, காத்திருந்தார். அதிகாரிக்கு அவித்த மல்லாட்டை வந்தது. நுங்கு வந்தது. இரண்டாவது குண்டு புள்ளியின் உயரத்துக்கே வந்து, இரண்டு விரல் பக்கவாட்டில் போயிற்று. போதும்மா என்று அதிகாரி மறுபடியும் சொல்லிப் பார்த்தார். மாமியார் ஜீப்பைக் கொஞ்சம் பின்னால் எடுக்கச் சொன்னார். அது காற்றை மறித்துத் திருப்பிவிடுகிறதாம். டிரைவர் அதிகாரியைப் பார்த்தான். அதிகாரி கையை ஆட்டினார். ஜீப் பின்னால் போயிற்று. மேலண்டை நிலத்துக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நேரமாகிறது என்று போய்விட்டார். பையன்களும் கலைந்தார்கள். அதிகாரி நாற்காலியிலேயே தலை சாய்த்துத் தூங்கிப்போனார். டபேதாரின் குடையும் மெல்லச் சாய்ந்துகொண்டே வந்து தரையைத் தொட்டது.

வெயில் மஞ்சளாகிவிட்டிருந்தது. காற்று அடங்கி, ஏரித் தண்ணீர் எண்ணெய்போல அசையாமல் கிடந்தது. எங்கோ தண்ணீர் இறைக்கும் கமலை ஒன்று கிரீச்சென்று நின்றது. மாமியார் மண்டியிட்டிருந்தார். மூச்சு விடுகிறாரா என்றே தெரியவில்லை. அந்த நிமிஷத்தில் அந்தப் பக்கத்தில் எதுவுமே மாறவில்லை என்று எனக்குத் தோன்றியது. மலையும் கோயிலும் தண்ணீரும் நாங்களும் அவருக்காக அப்படியே நின்று கொடுத்துக்கொண்டிருந்தோம்.

வெடித்தது. அதிகாரி திடுக்கிட்டு எழுந்து, பன்றியா என்று கேட்டார். என் மனைவி போய் வரட்டியை எடுத்துவந்தாள். புள்ளியைக் காணோம். அது இருந்த இடத்தில் ஓட்டை. மாமியார் அதில் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"இப்ப சரியாம்மா?" என்றார் அதிகாரி.

"இன்னிக்கி சரிங்க."

ஒரு மாசத்துக்குள் லைசென்ஸ் அவர் பெயரில் வந்துவிட்டது. அது வந்த மறுநாள் காலையில் வழக்கம்போல ஏரிக்கரையில் வெடிச்சத்தம் கேட்டதாம். துணியை மாற்றிப் பார்த்திருக்கிறார்.

கொஞ்ச நாள் கழித்துத் திண்டிவனம் பஸ் நிலையத்தில் அந்த டபேதாரைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். உங்கள் அதிகாரி அசந்து போயிருப்பார், அப்படி ஒரு குறியை இந்த ஜில்லாவில் பார்த்திருக்க மாட்டார், அதனால்தான் மறுபேச்சில்லாமல் சிபாரிசு செய்திருக்கிறார் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். டபேதார் டீயை ஆற்றிக் குடித்துவிட்டு, அன்றைக்கு ஜீப்பில் திரும்பும்போது அதிகாரி சொன்னதைச் சொன்னார்.

"பயமில்லாம எழுதிக் குடுக்கலாம்யா. இந்த ஜில்லாவுலயே யாருக்கும் ஆபத்தில்லாத துப்பாக்கி அது ஒண்ணுதான். பன்னிக்குக்கூட."